தாருக்கு இரண்டு அங்குலம்

கேள்வி: சென்னீர்குப்பத்தில் இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. ஆபரேட்டர் வேலை. போன வருடம் செகண்ட் ஹேண்டில் 2013 மாடல் தார் சி.ஆர்.டி.இ. வாங்கினேன். மழை வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. லீவு நாளில் நண்பர்களோடு ஜவ்வாது மலைப் பக்கம் போவோம். போன தடவை மண் பாதையில் அடியில் கல் தட்டியது. அதனால் ஆன்லைனில் ‘2 இன்ச் லிஃப்ட் கிட்’ வாங்கிவிட்டேன். பெட்டியில் பின்பக்கத்துக்கு நீளமான ஷாக்கிள் ஒரு ஜோடி, யு போல்ட் 4, அப்புறம் ‘முன்பக்கம் டார்ஷன் பாரை முறுக்கிக்கொள்ளவும்’ என்று ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். நானும் மச்சானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு போர்ட்டிகோவிலேயே மாட்டிவிடலாமா? உயரம் போதவில்லை என்றால் கம்பெனிக்குப் பக்கத்து லேத்தில் இன்னும் நீளமான ஷாக்கிள் செய்துகொள்ளலாமா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரச்சினை வருமா?
— வாசகர், சென்னீர்குப்பம்

பதில்: பெட்டியைப் பிரித்தாயிற்று, சரி. வண்டியைப் பிரிக்கும் முன் ஒரு பழைய பாயை விரித்துப் பின்சக்கரங்களுக்கு நடுவே படுத்துப் பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் குழாயின் நடுவில் உருண்டையாகத் தொங்குவதுதான் டிஃப்ரன்ஷியல் ஹவுசிங். உங்கள் தாருக்குக் கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மி.மீ. இப்படி முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் தரையை நெருங்கி நிற்பது பெரும்பாலும் இந்த உருண்டைதான். இதைத் தாங்குவது டயர். ஸ்பிரிங்குக்கு இதில் வேலையே இல்லை. ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினாலும் 10 அங்குலம் நீட்டினாலும் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். ஹவுசிங் ஒரு மி.மீ. கூட அசையாது. ஜவ்வாது மலையில் கல் தட்டியது அங்கே என்றால், நீங்கள் வாங்கிய பெட்டியில் அதற்கு மருந்து இல்லை. ஹவுசிங்கில் புதுக் கீறல் இருக்கிறதா, இல்லை டீசல் டேங்க் காவல் தகட்டிலா, சைலன்சரிலா என்று முதலில் தேடுங்கள். எங்கே தட்டியது என்று தெரியாமல் உயர்த்துவது வீண் செலவு.

ஹவுசிங்கை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வண்டியில் கம்பெனி போட்ட டயர் 235/70 ஆர் 16; அதன் மொத்த விட்டம் சுமார் 735 மி.மீ. 2020-க்குப் பிறகு வந்த புதிய தாரில் வரும் 245/75 ஆர் 16 போட்டால் விட்டம் சுமார் 774 மி.மீ. வித்தியாசம் 39 மி.மீ. என்றாலும் ஆக்ஸிலுக்கு மேலே பாதி, கீழே பாதி என்பதால் தரையிலிருந்து கூடுவது 19 மி.மீ.தான். முக்கால் அங்குலம். அதற்குக் கூலியாக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும், முழு ஸ்டியரிங் ஒடித்தால் டயர் உரசலாம், கிளட்ச்சும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும்.

முன்பக்கம் வேறு மாதிரி. அங்கே முழு ஆக்ஸில் கிடையாது. டிஃப்ரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து நிற்கிறது, அதிலிருந்து இரண்டு டிரைவ் ஷாஃப்ட் சக்கரங்களுக்குப் போகின்றன. பாடி உயர்ந்தால் டிஃப்ரன்ஷியலும் கூடவே உயரும். நிஜமாகவே கிளியரன்ஸ் கிடைக்கும். ஆனால் நேராக இருந்த டிரைவ் ஷாஃப்ட் இப்போது சரிந்து நிற்கும். சி.வி. ஜாயின்ட் எப்போதும் மடங்கியே சுற்ற, அதன் ரப்பர் பூட் மடிப்பில் வெடிக்கும், கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும். அப்புறம் ஸ்டியரிங் ஒடிக்கும்போதெல்லாம் ‘கட கட’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் பட்டறைக்கு வருகிறார்கள். அதற்குள் பூட் மாற்றும் செலவு ஷாஃப்ட் மாற்றும் செலவாகிவிட்டிருக்கும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். வண்டி 2013 மாடல். பத்து வருடத்துக்கு மேல் சுமந்த ஸ்பிரிங் அது. லீஃப் ஸ்பிரிங்கின் வளைவு குறைந்து பட்டைகள் தட்டையாகியிருக்கும், ஷாக்கிள் புஷ் நசுங்கியிருக்கும், முன்பக்க டார்ஷன் பாரும் தளர்ந்து இறங்கியிருக்கும். ஓர் அங்குலமோ அதற்கு மேலுமோ இப்படியே போயிருக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கப் பார்க்கும் உயரத்தில் பாதி, வண்டி ஷோரூமிலிருந்து வந்தபோது அதனிடமே இருந்த உயரம். அதை மீட்பதற்குப் பெயர் ரிப்பேர். எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது, எந்த ஜாயின்ட்டும் அதிகம் மடங்காது.

அளந்து பார்ப்பது சுலபம். காற்று சரியாக அடித்து, டேங்கை நிரப்பி, சமதரையில் நிறுத்துங்கள். வீட்டு போர்ட்டிகோ சமதரை என்று நம்பிவிடாதீர்கள். மழைத் தண்ணீர் ஓடக் கேட்டை நோக்கிச் சரிவு கொடுத்துத்தான் கொத்தனார் தளம் போட்டிருப்பார். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். இந்த அளவில் டயர் தேய்மானம் குறுக்கிடாது, ஸ்பிரிங்கின் நிலை மட்டும் தெரியும். இடது, வலது அரை அங்குலம் வரை வித்தியாசம் இந்த வகை வண்டியில் சகஜம். அதற்கு மேல் போனால் ஒரு பக்கப் பட்டை ஒடிந்திருக்கிறதா, சென்டர் போல்ட் தலை போய்விட்டதா என்று பாருங்கள். முன்பக்கத்துக்கான கம்பெனி அளவு ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள்.

டார்ஷன் பார் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, அதுவும் உங்கள் ஊர்க்காரருக்கு. நீளமான ஓர் எஃகுத் தண்டு. ஒரு முனை சேஸிஸில் இறுக்கமாக நிற்கும், மறு முனை சக்கரத்தைத் தாங்கும் கையில் கோத்திருக்கும். சக்கரம் மேலே ஏறும்போது தண்டு முறுக்கேறும், முறுக்கு விடுபடும்போது சக்கரம் கீழே வரும். சுருள் கம்பியை நீட்டி நேராக்கினால் எப்படியோ அப்படி. உங்களிடமிருந்து கொஞ்ச தூரத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டி-72 அஜேயா டாங்கி நாற்பது டன்னுக்கு மேல் எடையோடு ஓடுவது இதே ஏற்பாட்டின் மேல்தான். அதே ஆவடியில் வடிவமைத்த அர்ஜுனுக்கு மட்டும் எண்ணெயும் வாயுவும் சேர்ந்த வேறு சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். டாங்கிக்கே போதுமான விஷயம் தாருக்குப் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதும். தண்டு எந்த அளவுக்குச் சக்கரத்தை மேலே போகவும் கீழே வரவும் விடுகிறது என்பதுதான் கேள்வி.

அட்ஜஸ்ட்டர் போல்ட்டை முறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தண்டின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. போல்ட்டை எத்தனை சுற்று சுற்றினாலும் அது மாறாது. போல்ட் செய்வது நிற்கும் இடத்தை மாற்றுவது மட்டும். அப்படியானால் முறுக்கிய வண்டி ஏன் கட்டை வண்டி மாதிரி குதிக்கிறது? சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்க முயலும்போது மேல் கை ரப்பர் ஸ்டாப்பில் ‘டொக்’ என்று இடிக்கிறது, ஷாக் அப்சார்பர் தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு நிற்கிறது. முறுக்கியபின் மேல் கைக்கும் அந்த ஸ்டாப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம்கூட இல்லையென்றால் அதிகமாகப் போய்விட்டீர்கள். கம்பெனி அளவுக்கு மீட்டுவாருங்கள். அதற்கு மேல் முக்கால் அங்குலம் தாண்டி நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்தத் துண்டுச் சீட்டு எழுதியவர் வண்டியைப் பார்த்ததில்லை.

பின்பக்க ஷாக்கிளை ஸ்கேலால் அளந்தீர்களா? பழைய ஷாக்கிளில் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் எவ்வளவு, புதியதில் எவ்வளவு என்று பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனை சேஸிஸில் நிலையாக நிற்கிறது, மறு முனை மட்டும் ஷாக்கிளில் தொங்குகிறது, ஆக்ஸில் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. ஒரு முனையை 2 அங்குலம் இறக்கினால் நடுவில் கிடைப்பது 1 அங்குலம். பெட்டிமேல் ‘2 இன்ச்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஷாக்கிளின் கூடுதல் நீளம். கிடைக்கும் உயரத்தையா சொல்கிறார்கள் என்றால், ஷாக்கிள் 4 அங்குலம் நீண்டிருக்க வேண்டும்; அப்படி நீண்டிருந்தால் அதை வண்டியில் மாட்டவே வேண்டாம். நீண்ட ஷாக்கிள் பக்கவாட்டில் ஆடும். பைபாஸில் லாரியை முந்தும்போது பின்பக்கம் ஒரு நொடி தாமதித்து வந்து சேரும். இன்னொன்று, ஷாக்கிள் நீளும்போது ஸ்பிரிங் சரிய, ஆக்ஸிலும் கொஞ்சம் சுழலும், பினியன் மூக்கு மேலே பார்க்கும். ஜாயின்ட் ராடின் இரண்டு கிராஸ்களும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் கோணம் கெட்டு, குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். அதை ஈடுகட்ட ஆப்பு வடிவத் தகடு கிடைக்கிறது. ஆக, 2 அங்குல ஆசைக்குப் பின்னால் இன்னொரு பாகம், அதற்கும் பின்னால் இன்னொன்று.

லேத் கேள்விக்கு வருகிறேன். அம்பத்தூர் லேத்துகளில் செய்ய முடியாத வேலை என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இரும்பில். கடையில் கிடைக்கும் எம்.எஸ். தகட்டை வெட்டித் துளை போட்டுப் பார்க்க அழகாகச் செய்துவிடலாம். ஷாக்கிள் தாங்குவது நிற்கும் எடையை மட்டுமல்ல. ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்கி வாங்கித் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, ஒரு நாள் திடீரென்று விடும். வெல்டிங் செய்த ஷாக்கிள் என்றால் வெடிப்பு தொடங்க இடமும் தயார். அதே போல ரோட்டோரப் பட்டறையில் பழைய பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். லாரிக்காரர்கள் அதைச் செய்கிறார்கள், அவர்கள் கணக்கு வேறு. அடித்து ஏற்றிய வளைவு சில மாதங்களில் இறங்கும். உலையில் காய்ச்சி வளைத்து, திரும்ப எண்ணெயில் தோய்த்துப் பதம் கொடுக்காவிட்டால் அது ஸ்பிரிங் எஃகு என்ற தகுதியையே இழந்துவிடும். கம்பெனியின் புதிய பட்டை செட் வாங்குவது கடைசியில் சல்லிசு.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவோம். புஷ், பட்டை செட், ஷாக்கிள் மாற்றுவதும் டார்ஷன் பாரைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவருவதும் வீட்டில் செய்யக்கூடியவைதான். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை உங்களுடையது. கூட ஒரு ஆள் இருப்பது நல்லது. மச்சானுக்கு முதல் வேலை, நீங்கள் வண்டிக்கு அடியில் இருக்கும்போது போனைப் பார்க்காமல் வெளியே நிற்பது.

வெள்ளிக்கிழமையே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பத்து வருட நட்டை ஞாயிறு காலையில் புதிதாகச் சந்தித்தால் பாதி நாள் அதோடு போய்விடும். போர்ட்டிகோவில் டைல்ஸ் போட்டிருந்தால் ஜாக்கி வழுக்கும். தடித்த பிளைவுட் பலகை போடுங்கள். கேட்டுக்கு வெளியே உள்ள சாய்தளத்திலோ, மண் தரையிலோ, பேவர் பிளாக்கிலோ செய்ய வேண்டாம். வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். டிராலி ஜாக்கி இரண்டும், எடை போட்டிருக்கும் ஸ்டாண்ட் இரண்டும் வேண்டும். வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்காதீர்கள். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். வண்டி ஒன்றரை டன்னுக்கு மேல்.

பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்குக்கு அர்த்தம் இல்லை, அது பிடிப்பது பின்சக்கரத்தை. முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்தபின் தூக்குங்கள். ஸ்டாண்ட் சேஸிஸுக்குக் கீழே, இரண்டாவது ஜாக்கி ஆக்ஸிலுக்குக் கீழே. ஆக்ஸிலை அந்த ஜாக்கியால் மெல்ல ஏற்றி இறக்கி, ஸ்பிரிங்கில் சுமையே இல்லாத நிலை வந்ததும் ஷாக்கிள் போல்ட் கையால் உருவ வரும். சுத்தியல் தேவைப்படுகிறதென்றால் சுமை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்ஸில் பிடிமானம் இல்லாமல் உருளும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து சேஸிஸுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்ட் சரிந்தாலும் உங்களுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு டயராவது இருக்கும்.

வீட்டில் செய்கிறவர்கள் அதிகம் தவறுவது கடைசி இறுக்கலில். சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழியும். புது புஷ் போட்டும் சத்தம் போகவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். போல்ட்டைக் கைப்பிடிக்கு விட்டு, சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, பின் பம்பரில் ஏறி நாலு குதி குதித்து, வண்டி உட்கார்ந்தபின் டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். யு போல்ட் ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இறுக்கும்போது நீண்டுவிட்ட இரும்பு அது. புதிய யு போல்ட்டையும் 100 கி.மீ. ஓட்டியபின் மறுபடி சோதித்து இறுக்குங்கள்.

முன்பக்கத்துக்கு, அட்ஜஸ்ட்டர் போல்ட்டில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை சுற்று என்று எண்ண அதுதான் துணை. முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டால் தண்டின் முறுக்கு பெரும்பகுதி விடுபடும், போல்ட் இலகுவாகச் சுற்றும். தரையில் நிற்கும்போதே முறுக்கினால் போல்ட் மரை போய்விடும். இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, இறக்கி, வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டியபின்தான் அளக்க வேண்டும். இறக்கிய உடனே டயர் தரையைப் பிடித்துக்கொண்டு குறுகி நிற்பதால் அளவு பொய் சொல்லும். தண்டையே வெளியே எடுக்கும் வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். அதில் மிச்சமிருக்கும் முறுக்கு ஒரு மணிக்கட்டை உடைக்கப் போதும்.

எல்லாம் முடிந்ததும் பார்க்க வேண்டியவற்றில் பிரேக் முதலிடம். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் ஒடித்து பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள். பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் அது எல்.எஸ்.பி.வி. என்ற வால்வின் கம்பி. பின்னால் சுமை கூடினால் சேஸிஸ் தாழும், வால்வு பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். நீங்கள் பின்பக்கத்தை உயர்த்தினால் வால்வு வண்டி காலியாக இருப்பதாக நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். ஐந்து பேரோடு மலை இறங்கும்போது தெரியும் அதன் விளைவு. பிறகு வீல் அலைன்மென்ட்; இதைத் தள்ளிப்போட்டால் முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி தேயும். ஹெட்லைட்டுக்கு ஓர் எளிய வழி: வேலை தொடங்கும் முன் இரவில் காம்பவுண்டு சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சத்தின் மேல்விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டுவையுங்கள். முடித்தபின் அதே இடத்தில் நிறுத்தி அந்தக் கோட்டுக்கு இறக்குங்கள்.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பார்த்த பகுதி இது, பயம் நியாயமானது. ஆனால் வெள்ளத்தில் என்ஜினைக் கொல்வது அது உறிஞ்சும் காற்றின் வழி. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். 2 அங்குலம் உயர்த்தினால் அந்த வாயும் 2 அங்குலம் உயரும், உண்மை. எதிரே வரும் எம்.டி.சி. பஸ் தள்ளிவிடும் அலை அதைவிட உயரம். உங்களுக்குப் பயன்படப்போவது வேறொன்று: ஆக்ஸிலிலும் கியர் பாக்ஸிலும் உள்ள பிரீதர். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது அது பால் ஊற்றிய டீ நிறத்தில் வரும். பிரீதரில் ஒரு நீளமான ரப்பர் டியூப் மாட்டி என்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். ஒரு மணி நேர வேலை, உங்கள் கிட்டைவிடப் பல மடங்கு மலிவு. வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதை மச்சானுக்கும் சொல்லிவையுங்கள்.

உயரத்துக்கு இன்னொரு கூலியும் உண்டு. கணக்குக்காக, இரு சக்கரங்களின் இடைவெளி 1,400 மி.மீ., எடையின் மையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்று வையுங்கள். மையத்தை 50 மி.மீ. உயர்த்தினால், கவிழாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. ஏற்கெனவே குறுகி உயர்ந்த வண்டி. பைபாஸில் குறுக்கே வரும் மாட்டுக்காக ஸ்டியரிங்கை வெட்டும் அந்த நொடியில்தான் இந்த 7 சதவீதம் கணக்குக்கு வரும்.

ஆர்.டி.ஓ. விஷயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று ஒரு கட்டமே கிடையாதே, அப்புறம் எப்படிப் பிடிப்பார்கள் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 2022-இல் ஸ்ரீநகரில் பெரிய டயரும் வேறு மாற்றங்களும் செய்த ஒரு தாரின் உரிமையாளருக்குப் போக்குவரத்து நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்து, நன்னடத்தைப் பத்திரத்தின் பேரில் வெளியே விட்டது. வண்டியும் தார் என்பதால் சொல்கிறேன். நடைமுறையில் ரோட்டில் நிறுத்திப் பிடிப்பது குறைவுதான். ஆனால் 2028-இல் உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது, பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வில் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கும் முன்னால் விபத்து ஏதாவது என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் டேப்போடு வருவார். சொல்லாமல் செய்த மாற்றம் என்று எழுதிவிட்டால் க்ளெய்ம் சிக்கும்.

எனவே கிட்டைத் திருப்பி அனுப்ப முடியுமானால் அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தைக் கம்பெனி புஷ், ஷாக் அப்சார்பர், தேவைப்பட்டால் பட்டை செட், பிரீதர் டியூப் இவற்றில் போடுங்கள். ஜவ்வாதுக்கு டிஃப்ரன்ஷியல் காவல் தகடு ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். அளந்த நான்கு எண்களையும் முன்னும் பின்னும் எழுதி அனுப்புங்கள், பார்க்க ஆசை.

கேள்வி: எனக்கு ஸ்விஃப்ட். ஐந்து பேர் உட்கார்ந்தால் தெருவில் உள்ள ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது. சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவில் வைக்கும் ரப்பர் பஃபர் போட்டால் உயரும் என்கிறார்கள். போடலாமா?
— வாசகி, திருமுல்லைவாயல்

பதில்: உயரும், கொஞ்சம். எப்படி உயருகிறது என்று பாருங்கள்: பஃபர் கவ்விக்கொண்ட இரண்டு சுற்றுகள் இனி வேலை செய்யாது. மிச்சச் சுற்றுகளே எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும், அதனால் ஸ்பிரிங் விறைக்கிறது. காலியாக ஓட்டும்போது வண்டி குதிக்கும். பஃபரின் விளிம்பு உரசுகிற இடத்தில் பெயின்ட் போய்த் துரு பிடித்து, அங்கேயே ஒடிந்த ஸ்பிரிங்குகள் பட்டறைக்கு வருகின்றன. குற்றம் உங்கள் காரில் பாதி, தெருவில் பாதி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. அப்படிக் கட்டியிருந்தால் எந்தக் காரும் தட்டாது. நம் தெருக்களில் இரவோடு இரவாக யாரோ கொட்டிவைத்த தார் மேடுகளுக்கு விதியும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. கொஞ்சம் குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி, நடை வேகத்தில் தாண்டுங்கள்.

வண்டி எட்டு, பத்து வருடப் பழசு என்றால் பின் ஸ்பிரிங் இரண்டையும் கம்பெனி உருப்படியாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கடையில் விட்டுவராமல் கையில் வாங்கிக் கடைசிச் சுற்றைத் தடவிப் பாருங்கள். அடிக் கிண்ணத்துக்குள் மறைந்திருக்கும் அந்த முனை ஒடிந்திருப்பது வெளியே தெரியாது. பல கார்களில் ‘உயரம் போதவில்லை’ என்ற புகாருக்குக் காரணம் அந்த ஒடிந்த துண்டுதான்.